பெரிய பிலிமுக்கு எல்லை எது?

தமிழ்நாட்டுக் கடைத்தெரு ஒன்றில் நின்று ‘லார்ஜ் ஃபார்மட்’ என்று விசாரித்தால் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் இடத்துக்கு வழி சொல்வார்கள். சினிமாக்காரர்களிடம் கேட்டால் ஐமேக்ஸ் பற்றிப் பேசுவார்கள். இல்லையென்றால் 2018இல் ஆரி நிறுவனம் கொண்டுவந்த அலெக்சா எல்எஃப் கேமராவைச் சொல்வார்கள். அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் லார்ஜ் ஃபார்மட்டைத்தான் குறிக்கின்றன. ஆனால் அதன் சென்சார் சுமார் 37க்கு 25.5 மில்லிமீட்டர்தான். ஃபியூஜிபிலிம் நிறுவனம் தன் ஜிஎஃப்எக்ஸ் வரிசைக் கேமராக்களை அதே பெயரில் விளம்பரம் செய்கிறது. அவற்றின் சென்சார் 44க்கு 33 மி.மீ. பிலிமில் படமெடுப்பவர்களின் கணக்கு வேறு. 4க்கு 5 அங்குலத் தாளில்தான் லார்ஜ் ஃபார்மட் தொடங்குகிறது என்பது அவர்களிடையே பல காலமாக உள்ள வழக்கம். அந்த ஒரு தாளின் பரப்பில் ஜிஎஃப்எக்ஸ் சென்சார் ஒன்பது அடங்கும். நாம் நெடுங்காலம் பயன்படுத்திய 35 மி.மீ. பிலிமின் ஒரு சட்டகத்தைக் கொண்டு அளந்தால் பதினைந்து அடங்கும். ஒரே பெயரில் இவ்வளவு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படும்போது எல்லை எங்கே என்று கேட்பது வெறும் பொழுதுபோக்கு விவாதம் இல்லை.

பிலிம்காரர்களுக்குள்ளும் இதில் ஒருமித்த விளக்கம் கிடையாது. தாள் தாளாக வரும் பிலிமைப் போட்டு எடுத்தால் அது லார்ஜ் ஃபார்மட் என்கிறது ஒரு தரப்பு. கேமராவின் முன்பலகையையும் பின்பலகையையும் தனித்தனியே உயர்த்தவும் சாய்க்கவும் திருப்பவும் முடிய வேண்டும், துருத்தி இருக்க வேண்டும், கருப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும் என்கிறது இன்னொன்று. படத்தின் நுணுக்கம்தான் அளவுகோல் என்பவர்களும் உண்டு. இந்த மூன்றுமே பெரிய பிலிமின் விளைவுகள், அதற்கான இலக்கணம் அல்ல என்பது என் வாதம். இலக்கணம் அளவு மட்டுமே. அந்த அளவையும் பரப்பைக் கொண்டு பார்க்காமல் சட்டகத்தின் குறுகிய பக்கத்தைக் கொண்டு பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் 9 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் லார்ஜ் ஃபார்மட், குறைந்தால் இல்லை.

புகைப்படக் கலையின் முதல் ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் வழிகள் அப்போது இருந்தாலும் அரிது. நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து வெயிலில் காட்டினால் அதே அளவில் படம் கிடைக்கும். பெரிய படம் வேண்டுமானால் பெரிய கேமரா வேண்டும், அவ்வளவுதான். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட கேப்டன் லினேயஸ் டிரைப் 1858இல் தஞ்சாவூரிலும் மதுரையிலும் எடுத்த படங்கள் ஏறக்குறைய 12க்கு 15 அங்குல அளவு கொண்ட, மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களில் எடுக்கப்பட்டவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பதிவு செய்ய அவர் 21 பிரின்ட்களை ஒன்றோடொன்று சேர்த்து 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைய கணக்கில் அவர் கேமரா ராட்சத வகையைச் சேர்ந்தது. அவர் காலத்திலோ கோயிலை ஆவணப்படுத்துகிறவருக்கு வேண்டிய சாதாரணக் கருவி அது. மின்விளக்கும் வேகமான புரோமைடு தாளும் வந்து, என்லார்ஜர் ஸ்டூடியோக்களில் இடம்பிடித்த பிறகுதான் நெகட்டிவின் அளவும் பிரின்டின் அளவும் தனித்தனியாகப் பிரிந்தன. அதன்பிறகே சின்னது, நடுத்தரம், பெரியது என்ற பேச்சுக்கு அர்த்தம் வந்தது. 1925இல் லைகா சந்தைக்கு வந்தபோது அதைக் குட்டிக் கேமரா என்றார்கள். 1930களில் 6க்கு 6 செ.மீ. படமெடுக்கும் ரோலிஃப்ளெக்ஸையும் பலர் குட்டிக் கேமராக்களோடுதான் சேர்த்தார்கள். இன்று அது நடுத்தரம்.

பெயர்கள் இப்படி நகர்ந்துகொண்டே போகுமென்றால், அளவை மட்டும் இலக்கணமாக வைப்பது எப்படி நிற்கும் என்று கேட்கலாம். பெயர் நகரும்; ஒளியின் இயல்பு நகராது. ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுக்க 35 மி.மீ. கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ் போதும். 6க்கு 6 செ.மீ. கேமராவுக்கு 80 மி.மீ. வேண்டும். 4க்கு 5 அங்குலத்துக்கு 150. 8க்கு 10 அங்குலத்துக்கு 300. லென்ஸின் குவியத் தூரம் நீள நீள, கூர்மையாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகிறது. சின்னக் கேமராவில் எஃப் 8இல் கிடைக்கும் ஆழம் 8க்கு 10 கேமராவில் கிடைக்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை எஃப் 45, எஃப் 64 வரை சுருக்க வேண்டியிருக்கிறது. ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்காம் முதலியோர் 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழுவுக்கு ‘எஃப் 64’ என்று பெயர் வைத்ததன் பின்னணி இதுதான். ஆனால் துவாரத்தைச் சுருக்கியதற்கு விலை உண்டு. எஃப் 8இலிருந்து எஃப் 64க்குப் போனால் 64 மடங்கு நேரம் வேண்டும். நொடியில் 125இல் ஒரு பங்கில் முடிந்த வேலைக்கு அரை நொடி ஆகிறது. அரை நொடிக்குக் கேமராவைக் கையில் பிடித்திருக்க முடியாது, முக்காலி வந்துவிடுகிறது. முக்காலி வந்தால் நிதானம் வந்துவிடுகிறது. பெரிய கேமராக்காரர்களின் பொறுமையைப் பற்றி எழுதப்படும் பக்தி மிகுந்த கட்டுரைகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது. அந்தப் பொறுமையில் பாதிக்கு மேல் அவர்கள் குணத்தால் வந்ததில்லை, குவியத் தூரத்தால் வந்தது.

கேமராவின் பலகைகளைச் சாய்க்கும் வசதியும் இதே கட்டாயத்திலிருந்துதான் வருகிறது. லென்ஸின் தளம், பிலிமின் தளம், கூர்மையாக வேண்டிய பொருளின் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும்படி அமைத்தால், துவாரத்தை அதிகம் சுருக்காமலே காலடிப் புல்லிலிருந்து தொலைவிலுள்ள மலைவரை ஒரு தளம் முழுவதும் தெளிவாக விழும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் 1904இல் எடுத்த காப்புரிமையால் இந்த விதி அவர் பெயரில் நிலைத்தது. அவருக்கு முன்பே பிரான்சின் ழூல் கார்பந்தியே 1901இல் இதைச் சொல்லியிருந்தார். ஷைம்ப்ஃப்ளுக்கும் அதை மறைக்கவில்லை. ஆழம் குறைந்த பெரிய கேமராவுக்கு இது உயிர்நாடி, சின்னக் கேமராவுக்கு ஆடம்பரம். அதற்காக, சாய்க்க முடிந்த கேமராவெல்லாம் லார்ஜ் ஃபார்மட் ஆகிவிடாது. 120 ரோல் பிலிமில் 6க்கு 9 செ.மீ. படமெடுக்கும் லின்ஹாஃப், ஆர்கா-சுவிஸ் கேமராக்களில் இந்த அசைவுகள் எல்லாம் இருக்கின்றன. சாய்க்கவும் நகர்த்தவும் முடிகிற லென்ஸை கேனன் 1973இலேயே 35 மி.மீ. கேமராவுக்குச் செய்துவிட்டது. அதை மாட்டியதும் சின்னக் கேமரா பெரிய கேமரா ஆகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஸ்பீட் கிராஃபிக் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பல பத்தாண்டுகள் கையில் தூக்கிக்கொண்டு ஓடிய 4க்கு 5 கேமரா அது. இவோ ஜிமாவில் வீரர்கள் கொடி நாட்டும் படத்தை ஜோ ரோசன்தால் 1945 பிப்ரவரி 23 அன்று அதில்தான் எடுத்தார். கருப்புத் துணி இல்லை, முக்காலி இல்லை, பலகையைச் சாய்க்க நேரமும் இல்லை. அந்த நெகட்டிவை லார்ஜ் ஃபார்மட் பட்டியலிலிருந்து நீக்கத் துணிபவர் யார்?

தாள் பிலிம் என்ற வரையறை இதைவிட வலுவானது. அதற்குள் ஓர் உண்மையான சிறப்பும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு படமும் தனித் தாளில் இருப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கழுவலாம். வெயில் கடுமையாக இருந்த படத்துக்கு டெவலப்பரில் நேரத்தைக் குறைக்கலாம், மங்கலான படத்துக்குக் கூட்டலாம். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை முழுப் பலனைத் தருவது இப்படித்தான். 36 படங்கள் உள்ள சுருளில் ஒன்றுக்காக மற்ற 35ஐயும் பலிகொடுக்க முடியாது. ஆனாலும் தாளை இலக்கணமாக்கினால் வரலாறு ஒத்துழைக்க மறுக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களில் பயன்பட்ட கே-20 கேமரா 4க்கு 5 அங்குலப் படங்களை அகலமான சுருள் பிலிமில் எடுத்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் மேல் எழுந்த புகைக் காளானை, குண்டு வீசிய விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரர் பாப் கேரன் கையில் பிடித்து எடுத்தது அந்தக் கேமராவால்தான். தாளும் இல்லை, அசைவுகளும் இல்லை, முக்காலியும் இல்லை. சட்டகம் மட்டும் 4க்கு 5. நில அளவைக்கான விமானக் கேமராக்கள் பல பத்தாண்டுகள் 23 செ.மீ. சதுரப் படங்களைச் சுருளில்தான் எடுத்தன. 1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடத்தில் நாசா அனுப்பிய கேமராவின் பெயரே லார்ஜ் ஃபார்மட் கேமரா. 23க்கு 46 செ.மீ. சட்டகம், அதுவும் சுருள் பிலிம். பொலராய்ட் நிறுவனம் 1976இல் உருவாக்கிய, 100 கிலோவுக்கும் அதிக எடையுள்ள 20க்கு 24 அங்குலக் கேமராவுக்குள்ளும் சுருளே ஓடியது.

பிலிம் ஆலைக்குள் போய்ப் பார்த்தால் இந்தப் பிரிவினை இன்னும் மெலிந்துபோகும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கி, பின்னர் மூடப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆகட்டும், உலகின் எந்த ஆலையாகட்டும், எல்லாவற்றிலும் ரசாயனம் பூசப்படுவது அகலமான பெரும் சுருளின் மேல்தான். அதை நீளவாக்கில் கீறினால் சினிமா பிலிம், தாளாக வெட்டினால் எக்ஸ்-ரே பிலிம். தாள் பிலிமின் அடித்தளம் மட்டும் சுருளுக்கானதைவிடத் தடிப்பாக இருக்கும். இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிலிமில் 120 சுருளுக்கு 0.11 மி.மீ., தாளுக்கு 0.18 மி.மீ. காரணம் எளிது. பரப்பு பெரிதாகும்போது மெல்லிய பிலிம் சட்டத்துக்குள் தட்டையாக நிற்காது. இங்கும் அளவுதான் முதலில் வருகிறது, தாள் அதன் பின்னால் வருகிறது.

நுணுக்கம் பற்றிய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 16க்கு 20 அங்குலப் பிரின்டுக்கு 35 மி.மீ. நெகட்டிவை 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 4க்கு 5 தாளை நான்கு மடங்கு, 8க்கு 10ஐ இரண்டே மடங்கு. வேறுபாடு பெரிது, மறுக்க முடியாது. ஆனால் 1986இல் கோடக் டி-மேக்ஸ் போன்ற பிலிம்கள் வந்தபின் சின்ன நெகட்டிவின் நுணுக்கம் ஏறிவிட்டது. நல்ல லென்ஸும் மெல்லிய குருணையும் கொண்ட 6க்கு 7 செ.மீ. நெகட்டிவ் ஒன்று, பழைய லென்ஸில் கை நடுங்க எடுத்த 4க்கு 5 நெகட்டிவைத் தோற்கடிக்கலாம். அதனால் முதலாவது பெரியதாகவும் இரண்டாவது சின்னதாகவும் ஆகிவிடாது. படம் எப்படி வந்தது என்பது வேறு, எதில் எடுக்கப்பட்டது என்பது வேறு.

இனி, எல்லை ஏன் 9 செ.மீ.யில் விழ வேண்டும்? இதற்குப் பதில் இயற்பியலில் இல்லை, சந்தையில் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பிலிம், பிளேட் அளவுகள் ஏணிப்படிபோல் இடைவெளியின்றி இருந்தன. 6க்கு 9 செ.மீ.; அதற்கு மேல் 8.25க்கு 10.8 செ.மீ. கொண்ட குவார்ட்டர் பிளேட். 1903இல் வந்த கோடக்கின் 122 சுருளில் 8.25க்கு 14 செ.மீ. அஞ்சலட்டைப் படம், பிறகு 9க்கு 12, 4க்கு 5 அங்குலம், ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட். எங்கே கோடு போட்டாலும் பக்கத்திலேயே இரண்டு அளவுகள் இருந்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. 122 சுருள் 1971இல் நின்றது. குவார்ட்டர் பிளேட்டின் கடைசி வாரிசு என்று சொல்லத்தக்க பொலராய்ட் வகை பேக் பிலிமை ஃபியூஜி 2016இல் கைவிட்டது. 1901இல் பிறந்த 120 சுருள் ஒரு பக்கம் தப்பிப் பிழைத்தது. மறுபக்கம் 4க்கு 5 தாள் பிழைத்தது. ஒரே அளவுச் சட்டத்தை எந்த நிறுவனத்தின் கேமராவிலும் மாட்டலாம் என்ற பொதுத் தரம் அதற்கு இருந்ததே முக்கியக் காரணம். நடுவில் இருந்த நிலம் ஆளில்லாமல் போனது. எல்லையை யாரும் கூடிப் பேசி வகுக்கவில்லை. இடையில் இருந்தவை மறைந்ததால் அது தானாகவே தெரிந்தது. அந்தக் காலி நிலத்தின் மேல்விளிம்பில் 9க்கு 12 செ.மீ. நிற்கிறது. அதனால்தான் 9 என்கிறேன்.

பரப்பை விட்டுக் குறுகிய பக்கத்தை எடுப்பதற்கும் காரணம் உண்டு. லின்ஹாஃப், ஃபியூஜி நிறுவனங்களின் 6க்கு 17 செ.மீ. அகலப்படக் கேமராக்கள் 120 சுருளில் எடுக்கும் சட்டகத்தின் பரப்பு சுமார் 94 சதுர செ.மீ.; குவார்ட்டர் பிளேட்டின் பரப்பு 89தான். பரப்பைக் கொண்டு கோடு போட்டால் நீளமான ரோல் பிலிம் உள்ளே வந்து, கண்ணாடித் தகடு வெளியே போகும். அஞ்சலட்டைக் கோடக்கோ 9க்கு 12 தாளையே முந்திவிடும். மடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு மக்கள் சுற்றுலா போன கேமராவை லார்ஜ் ஃபார்மட் என்று அழைக்க எவரும் ஒப்ப மாட்டார்கள். குறுகிய பக்கத்தைக் கொண்டு பார்த்தால் 6க்கு 17, அஞ்சலட்டை, குவார்ட்டர் பிளேட் மூன்றும் வெளியே நிற்கின்றன. கே-20, விமானக் கேமரா, நாசா கேமரா, 7க்கு 17 அங்குல அகலப்படத் தாள் எல்லாம் உள்ளே வருகின்றன. கைத்தொழில் தெரிந்தவர்களின் வழக்கும் ஏறக்குறைய இதுவே. குவார்ட்டர் பிளேட்டை வெளியே நிறுத்துவதில் பழைய பிளேட் கேமரா சேகரிப்பவர்களுக்கு வருத்தம் வரும். முக்கால் சென்டிமீட்டரில் தோற்றது என்று அவர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் தொடர்ந்து ஏறும் எந்த அளவுகோலிலும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கத்தான் செய்வார்.

இவ்வளவு கறாராக இருந்தால் ஐமேக்ஸும் அடிபடுமே என்று சினிமா ரசிகர்கள் கேட்பார்கள். ஐமேக்ஸ் பிலிமின் சட்டகம் ஏறக்குறைய 70க்கு 52 மி.மீ.; நிழற்படக் கணக்கில் அது நடுத்தரம். இதில் சினிமாவுக்கு அவமானம் ஒன்றுமில்லை. நொடிக்கு 24 சட்டகம் ஓடவேண்டிய கருவிக்கு 35 மி.மீ.தான் அடிப்படை அளவு, அதை மீறியதெல்லாம் அங்கே பெரியது. தன் வீட்டுக்குள் அந்தக் கணக்கு நியாயமானது. ஜிஎஃப்எக்ஸ் விஷயத்தில் அந்தச் சலுகை தர எனக்கு மனமில்லை. அது நிழற்படக் கேமரா. 4க்கு 5, 8க்கு 10 தாள்களை வெட்டி விற்ற நிறுவனத்தின் தயாரிப்பு. எல்லை எதுவென்று நன்றாகத் தெரிந்தவர்களே அதை இழுக்கிறார்கள். சென்சார் உலகில் பிலிம் கணக்கைத் திணிக்கக் கூடாது, அங்கே 24க்கு 36 மி.மீ.யே முழு அளவு என்று அவர்கள் தரப்பில் வாதிடலாம். அப்படியானால் புதுப் பெயர் வைத்துக்கொள்ளட்டும். பழைய பெயரை எடுப்பதன் நோக்கமே அந்தப் பழைய படங்களின் மதிப்பை வாங்குபவர் மனத்தில் ஏற்றுவதுதான். ஜிஎஃப்எக்ஸ் சிறந்த கேமரா, அதில் ஐயமில்லை. அது கொடுக்கும் ஆழம், அது கேட்கும் நேரம், அதற்குப் போதுமான லென்ஸ் எல்லாம் 35 மி.மீ.க்கு அண்டை வீடு. 4க்கு 5 இருப்பது அடுத்த ஊரில்.

இந்தக் குழப்பத்தால் உண்மையில் நஷ்டப்படுவது கேமரா வாங்குபவர்களைவிட ஆவணக் காப்பகங்கள்தான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இலங்கையிலும் பழைய ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது மிஞ்சிய கண்ணாடித் தகடுகளும் தாள் நெகட்டிவ்களும் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. எந்த ஸ்கேனர், எந்தச் சட்டம், எத்தனை புள்ளி அடர்த்தி என்று முடிவு செய்பவருக்குத் தேவைப்படுவது அந்தத் தகட்டின் அளவு. பட்டியலில் ‘லார்ஜ் ஃபார்மட் நெகட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது குவார்ட்டர் பிளேட்டா, ஃபுல் பிளேட்டா என்று தெரியாது. இரண்டுக்கும் பரப்பில் நான்கு மடங்கு வித்தியாசம். ஒரு தகட்டைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது உடைவதற்கு இன்னொரு வாய்ப்பு. எனவே காப்பகங்களில் பட்டியல் போடுகிறவர்களிடமும், பழைய ஸ்டூடியோச் சொத்துகளை வைத்திருக்கும் குடும்பங்களிடமும், கேமரா விற்பவர்களிடமும் ஒரே வேண்டுகோள்: வகைப் பெயரை எழுதுவதற்கு முன்னால் சட்டகத்தின் இரண்டு பக்கங்களையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள்.